உதிரம் களைதலும் குருதி வாங்கலும்: தமிழ் மருத்துவக் கலைச்சொல் ஒன்றின் வினைப்பொருள்

ஆய்வுச் சுருக்கம்

நோய் தீர்க்கும் பொருட்டு உடலிலிருந்து குருதியை வெளிப்படுத்தும் பழைய மருத்துவச் செயலுக்குத் தமிழில் ஒரு பெயர் மட்டும் வழங்கவில்லை. உதிரம் களைதல், உதிரம் ஊற்றுதல், குருதி வாங்கல், இரத்தமோட்சணம் எனப் பல தொடர்கள் உள்ளன. இவற்றை இன்றைய எழுத்துகள் ஒரே பொருளுடைய மாற்றுச்சொற்களாகக் கொள்கின்றன. இத்தொடர்களில் குருதியைக் குறிக்கும் பெயர்ச்சொல்லைக் காட்டிலும் அதனோடு சேரும் வினையே பொருளைத் தாங்குகிறது என்பதும், அவ்வினை அக்குருதியை மருத்துவன் எவ்வாறு மதிப்பிட்டான் என்பதைப் பதிவு செய்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரை, கம்பராமாயணம், பெருமாள் திருமொழி, சித்த மருத்துவப் புறமருந்துப் பட்டியல் ஆகியவற்றை முன்வைத்து இக்கருத்து ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உதிரம் களைதல், குருதி வாங்கல், புறமருந்துகள், பரிமேலழகர், வினைப்பொருள், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போரும் பழந்தமிழ் இலக்கியத்தில் மருத்துவச் செய்திகளைத் தேடுவோரும் பொதுவாகப் பெயர்ச்சொற்களையே தொகுக்கின்றனர். நோயின் பெயர், மூலிகையின் பெயர், கருவியின் பெயர் ஆகியன அட்டவணைகளில் இடம்பெறுகின்றன. வினைகள் அவ்வாறு இடம்பெறுவதில்லை. வினையை யாவரும் அறிவர், அதற்கு விளக்கம் வேண்டா என்னும் எண்ணமே இதற்குக் காரணம்.

குருதி நீக்க மருத்துவத்தைப் பொறுத்தவரை இந்த எண்ணம் பிழையான முடிவுகளுக்கு இட்டுச் செல்கிறது. குருதி, உதிரம், செந்நீர், சோரி, நெய்த்தோர், இரத்தம் என இப்பொருளுக்குரிய பெயர்கள் பல. யாப்புக்கும் நடைக்கும் ஏற்ப அவற்றுள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரலாம். ஆனால் களைதல் வரும் இடத்தில் வாங்கல் வந்தால் பொருள் அப்படியே நிற்பதில்லை. இவ்வேறுபாட்டை நோக்காமல் எல்லாத் தொடர்களுக்கும் ‘இரத்தத்தை வெளியேற்றுதல்’ என ஒரே விளக்கம் எழுதும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. சுவடிகள் மின்னுருவாக்கப்பட்டு, தேடுசொற்கள் வழியாகவே அணுகப்படும் காலம் இது. பதிப்பாசிரியர் இடும் ஒரு விளக்கச்சொல் மூலத்தின் சொல்லை மறைத்துவிடக்கூடும் என்பதால் இவ்வழக்கம் மறு ஆய்வுக்கு உரியது.

1. பரிமேலழகர் உரையில் உதிரம் களைதல்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, 941 முதல் 950 வரையுள்ள பத்துக் குறள்களைக் கொண்டது. அவற்றுட் பெரும்பகுதி உணவின் அளவையும் செரிமானத்தையும் பற்றியது. உண்டது அற்றதை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டா என்பது அதிகாரத்தின் அடிக்கருத்து. கத்தி, ஊசி, அட்டை, குருதி ஆகியவற்றுள் எதனையும் வள்ளுவர் இங்குப் பெயர் சுட்டிக் கூறவில்லை.

நோயையும் அதன் காரணத்தையும் அதனைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செயற்பட வேண்டும் எனக் கூறும் 948ஆம் குறளுக்கு உரை எழுதும் இடத்தில்தான் பரிமேலழகர் சிகிச்சை வகைகளை எண்ணுகிறார். மருந்து செய்தல், உதிரம் களைதல், அறுத்தல், சுடுதல் முதலிய செயல்கள் யாவும் ‘வாய்’ என்னும் பொதுச்சொல்லுள் அடங்கும் என்பது அவர் விளக்கம். வள்ளுவர் வகை கூறாது பொதுவாகச் சொன்னதற்கு இதனையே காரணமாகக் காட்டுகிறார்.

இங்கு இரண்டு செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, உதிரம் களைதல் என்னும் தொடர் உரையாசிரியருடையது. 13, 14ஆம் நூற்றாண்டு அளவினராகக் கருதப்படும் பரிமேலழகர் தம் காலத்துக் கற்றோர் அறிந்திருந்த மருத்துவ வகைப்பாட்டைக் கொண்டு குறளை விளக்குகிறார். எனவே இத்தொடர் உரையாசிரியர் காலத்துக்குச் சான்றாகுமேயன்றி வள்ளுவர் காலத்துக்குச் சான்றாகாது. திருக்குறளில் குருதி நீக்க மருத்துவம் கூறப்பட்டுள்ளது என எழுதுவோர் மூலத்தையும் உரையையும் ஒன்றெனக் கொள்கின்றனர். தமிழ் மருத்துவத்தின் தொன்மையை நிறுவும் ஆர்வம் நல்லதே. ஆயினும் உரைக்குரிய சான்றை மூலத்துக்கு ஏற்றுவதால் இரண்டின் மதிப்பும் குறைகிறது.

இரண்டாவது, நான்கு செயல்களும் அடுக்கப்பட்ட முறை. மருந்து செய்தல் மெல்லியது, சுடுதல் வன்மையானது. உதிரம் களைதல் மருந்துக்கு அடுத்தும் அறுத்தலுக்கு முன்பும் நிற்கிறது. இவை ஒரே நோயாளிக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யப்படுவன அல்ல. நோய்க்கேற்பத் தெரிந்துகொள்ள வேண்டிய தனித்தனி வழிகள் இவை. ஆதலின் உதிரம் களைதல் என்பது அறுவையின்போது தற்செயலாக வெளிப்படும் குருதியைக் குறிக்கவில்லை. அது தனக்கெனப் பெயருடைய ஒரு சிகிச்சை.

பிற்கால எளிய உரைகளில் இவ்வகைப்பாடு இடம்பெறவில்லை. 1949இல் வெளிவந்த மு. வரதராசனாரின் தெளிவுரை, இக்குறளில் நோயைத் தணிக்கும் வழியை ஆராய்தல் என்பதோடு நின்றுவிடுகிறது. குறளின் நேர்ப்பொருளைச் சுருங்கக் கூறும் நூலுக்கு அது குறையன்று. ஆயினும் திருக்குறளைத் தெளிவுரை வழியாக மட்டுமே அறிந்த தலைமுறைக்கு உதிரம் களைதல் என்னும் கலைச்சொல் கண்ணிற்படாமலே போயிற்று.

2. மூன்று பனுவல்கள், மூன்று நோக்குநிலைகள்

பரிமேலழகரின் எண்ணல் முறையைக் கம்பராமாயணப் பாடல் ஒன்றோடு ஒப்பிட்டால் அதன் தனித்தன்மை மேலும் விளங்கும். யுத்த காண்டத்துக் கும்பகருணன் வதைப் படலத்தில், கும்பகருணனும் வீடணனும் உரையாடும் பகுதியில் ஒரு மருத்துவ உவமை வருகிறது. உடலில் தோன்றிய ஒன்றை அறுப்பர், அதன் உதிரத்தை ஊற்றுவர், சுடுவர், பின் மருந்திடுவர் என்னும் நிரலில் அவ்வுவமை அமைகிறது. தன் உடலிலேயே பிறந்ததாயினும் கேடு செய்வதை விலக்குவதே அறிவுடைமை என்பது அதனால் பெறப்படும் கருத்து.

உரையாசிரியர் எண்ணிய நான்கு செயல்களும் இங்கும் உள்ளன. நிரல் மட்டுமே வேறு. கம்பரிடத்தில் அது காலநிரல். ஒரு கட்டிக்கு நிகழும் ஒரே சிகிச்சையின் நான்கு படிகள் அவை. மருந்து அங்கு இறுதியில் வருகிறது, ஏனெனில் புண்ணை ஆற்றுவது அதன் பணி. பரிமேலழகரிடத்தில் மருந்து முதலில் வருகிறது, ஏனெனில் மருந்தால் தீரும் நோய்க்கு ஏனையவை வேண்டா. இரு இடங்களிலும் ‘குருதி நீக்கம்’ கூறப்பட்டுள்ளது என ஒரே குறிப்பு எழுதினால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். ஒன்று அறுவையின் உறுப்பு, மற்றொன்று அறுவைக்கு மாற்று.

வினைகளும் இதற்கேற்பவே அமைகின்றன. ஊற்றுதல் என்பது அளவு கருதாத வினை. கட்டியை அறுத்தபின் அதனுள் தேங்கியது முழுவதும் வெளிப்பட வேண்டும் என்பதே அங்கு நோக்கம். களைதலோ தெரிந்து நீக்கும் வினை. அதனை அடுத்த பகுதியில் காண்போம்.

இவ்விரண்டுக்கும் முற்பட்ட பெருமாள் திருமொழியும் இங்கு நினைக்கத்தக்கது. வித்துவக்கோட்டு இறைவனைப் பாடும் ஐந்தாம் திருமொழியில், வாளால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் அன்பு நீங்காத நோயாளியைக் குலசேகராழ்வார் உவமையாக்குகிறார். அறுத்தலும் சுடுதலும் அங்கு உள்ளன, உதிரம் இல்லை. அப்பாடலின் நோக்குநிலை நோயாளியினுடையது. நோயாளி அறிவது வலியையும், வலி தருபவன்மேல் தான் வைத்த நம்பிக்கையையும். எவ்வளவு குருதி, எத்தகைய குருதி என்பவை மருத்துவனின் வினாக்கள். ஆழ்வார் நோயாளியாக நின்று பேசுகிறார், கம்பரின் உவமை கேட்டை விலக்க முனைவோனின் நிலையில் பேசுகிறது, உரையாசிரியர் வழிகளை வகுக்கும் அறிஞராகப் பேசுகிறார். இலக்கியத்திலிருந்து மருத்துவச் செய்தியைத் திரட்டுமுன் அச்செய்தி யாருடைய வாயில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது.

3. களைதல்: தெரிந்து நீக்கும் வினை

களை என்னும் சொல் வயலில் பயிரோடு வளரும் வேண்டாத செடிக்குப் பெயர். அதனை நீக்கும் தொழிலுக்கும் அதுவே வினை. ஆடை களைதல், துயர் களைதல், ஐயம் களைதல் என வரும் வழக்குகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. நீக்கப்படுவதும் நீக்கப்பட்டபின் எஞ்சுவதும் வெவ்வேறு. எஞ்சுவதன் நலனுக்காகவே நீக்கம் நிகழ்கிறது.

வள்ளுவரின் ஆட்சியும் இதற்கு இயைந்தது. நட்பு அதிகாரத்தின் 788ஆம் குறளில் நண்பனின் இடுக்கணை நீக்குதற்கு இவ்வினை வருகிறது. செங்கோன்மை அதிகாரத்தின் 550ஆம் குறளில் கொடியோரை வேந்தன் ஒறுத்தல் பசும்பயிரைக் காக்கக் களை பறித்தலுக்கு ஒப்பாக்கப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் உரை கண்ட பரிமேலழகர், மருத்துவச் செயலைக் கூறுமிடத்தும் அதே வினையை ஆண்டிருப்பது கருதத்தக்கது. உதிரம் களைதல் என்றால் உதிரமே களை என்பதன்று. உதிரத்துள் கெட்டது களை, நல்லது பயிர்.

சித்த மருத்துவத்தில் செந்நீர் ஏழு உடற்கட்டுகளுள் ஒன்று. சாரத்துக்கு அடுத்து நின்று உடலை ஓம்புவது அது. அதனை நோயெனக் கொண்டு நீக்குவதற்கு அம்மருத்துவத்தில் இடமில்லை. கெட்ட பகுதியை மட்டும் பிரித்து நீக்கல் என்னும் எண்ணமே கோட்பாட்டோடு பொருந்துகிறது.

வடமொழி மருத்துவ நூல்களிலும் இவ்வெண்ணம் உண்டு. வாக்படரின் அட்டாங்க இருதயம் அட்டையின் இயல்பைக் கூறும்போது, நீர் கலந்த பாலில் அன்னம் பாலைப் பிரித்து உண்பதுபோல நல்ல குருதியும் கெட்ட குருதியும் கலந்த இடத்தில் அட்டை முதலில் கெட்டதையே உறிஞ்சும் என்கிறது. அதனை இன்றைய உடலியல் ஏற்பதில்லை. ஆயினும் கருத்து வரலாற்றில் அது முதன்மையானது. களைதல் என்னும் தமிழ் வினை ஒரு சொல்லில் அடக்கியதை அந்நூல் ஓர் உவமையால் விரித்துள்ளது. இவற்றுள் ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது எனக் கூறுவதற்கில்லை. ஒரே மருத்துவச் சிந்தனையின் இரு வெளிப்பாடுகளாகக் கொள்வதே தக்கது.

வடமொழி மரபில் இச்செயலுக்குரிய பெயரிலோ வேறு வினை உள்ளது. மோட்சணம் என்பது விடுவித்தல். இரத்தமோட்சணம் என்னும் பெயரில் குருதி அடைபட்ட ஒன்றாகவும் மருத்துவன் அதனை விடுவிப்பவனாகவும் எண்ணப்படுகின்றனர். சுசுருத சம்கிதை இதற்கு மேல்வரம்பும் விதிக்கிறது. வலிமையும் உரிய வயதும் மிகுந்த தோடமும் உடையவனுக்கும் ஒரு பிரத்த அளவே எல்லை. விடுவித்தல் என்னும் வினையில் அளவு இல்லாமையால் அளவைத் தனி விதியாகக் கூற வேண்டியிருந்தது போலும்.

4. வாங்கல்: அளந்து இழுக்கும் வினை

குருதி வாங்கல் என்னும் தொடரே இன்றைய வாசகரை மிகுதியும் தடுமாறச் செய்வது. கடையில் பொருள் வாங்குதல், ஒருவர் கொடுப்பதைப் பெறுதல் ஆகிய பொருள்களே இன்று முன்நிற்பதால், குருதி வாங்கல் என்றவுடன் குருதிக் கொடை பெறுதல் எனப் பொருள் கொள்ள இடமுண்டு. இரத்த வங்கி என்னும் பெயர் பெருவழக்கானபின் இம்மயக்கம் மேலும் வலுப்பெற்றது.

வாங்குதலின் பழம்பொருள் வளைத்தலும் இழுத்தலும் ஆகும். வில்லை வளைத்து இழுப்பதும் வாங்குதல். அப்பொருள் முற்றும் மறையவில்லை. மூச்சு வாங்குகிறது, கடல் உள்வாங்கியது, படை பின்வாங்கியது, உயிரை வாங்குகிறான், வேலை வாங்கத் தெரிந்தவர் என நாள்தோறும் வழங்கும் தொடர்களில் விலைக்கோ கொடைக்கோ இடமில்லை. உள்ளிருப்பதை வெளியே இழுத்தல் அல்லது முன்னிருப்பதைப் பின்னிழுத்தல் என்பதே அவற்றின் பொருள்.

மருத்துவச் செய்முறையில் இப்பொருள் மேலும் கூர்மை பெறுகிறது. குழித்தைலம் வாங்குதல், திராவகம் வாங்குதல் என்பன சித்த மருந்து செய்முறையின் வழக்குகள். சரக்கினுள் மறைந்திருக்கும் நெய்ப்பையோ நீர்மத்தையோ தீயின் உதவியால் சிறிது சிறிதாக வெளிப்படுத்தி ஏனத்தில் ஏந்துவதே அங்கு வாங்குதல். ஏந்துவதற்கு ஏனம் உண்டு. ஏனம் இருப்பதால் அளவும் உண்டு. குருதி வாங்கலையும் இவ்வரிசையில் வைத்து நோக்க வேண்டும். இரத்தம் குத்தி வாங்குதல் என்னும் பேச்சுவழக்கில் இரு செயல்கள் பிரிந்தே நிற்கின்றன. குத்துதல் வழியைத் திறப்பது, வாங்குதல் அவ்வழியே வருவதை ஏந்துவது.

எனவே வாங்கலில் குருதியின் தன்மை பற்றிய தீர்ப்பு இல்லை. களைதல் தீயது என்று முடிவு செய்தபின் நிகழும் வினை. வாங்கல் அம்முடிவைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் சொல்லும் வினை. உரையாசிரியர் நோக்கத்தைக் குறிக்கும் வினையை ஆண்டார், மருத்துவ வகைப்பாடு செய்முறையைக் குறிக்கும் வினையை ஆண்டது. இருவர் தேவையும் வேறு.

5. புறமருந்துப் பட்டியல்: பெயரின் மயக்கத்தை வினை தீர்த்தல்

சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என வகுக்கிறது. புறமருந்துகளுள் கட்டு, பற்று, ஒற்றடம், வேது, தொக்கணம், நசியம் முதலியவற்றோடு கீறல், காரம், அட்டை விடல், அறுவை, கொம்பு கட்டல், உறிஞ்சல், குருதி வாங்கல், பீச்சு ஆகியனவும் எண்ணப்படுகின்றன.

குருதியோடு தொடர்புடையவை இங்கு ஒரே தலைப்பின்கீழ் அடக்கப்படவில்லை என்பது முதலில் நோக்கத்தக்கது. கீறலில் செயப்படுபொருள் தோல். அட்டை விடலில் விடப்படுவது அட்டை, குருதியன்று. உறிஞ்சலில் எது உறிஞ்சப்படுகிறது என்பது சொல்லப்படவில்லை. அது குருதியாகவும் சீழாகவும் நஞ்சாகவும் இருக்கலாம். குருதியைப் பெயராலேயே சுட்டுவது குருதி வாங்கல் ஒன்றே. இந்நான்கையும் குருதி நீக்கத்தின் வகைகள் எனத் தொகுப்பது பிற்காலத்தார் செய்யும் வகைப்பாடு. பட்டியலை அமைத்தோர் கருவியையும் செய்கையையும் அடிப்படையாகக் கொண்டனர்.

ஐரோப்பிய மொழிகளிலும் இத்தகைய வேறுபாடு காணப்படுகிறது. பிளட்லெட்டிங் என்னும் ஆங்கிலச் சொல் குருதியை விடுதல் எனப் பொருள்படும். ஃபிளிபாட்டமி என்னும் கிரேக்க வழிச் சொல்லோ குருதிநாளத்தை வெட்டுதல் எனக் கருவியின் செயலைக் குறிக்கிறது. 1823இல் தாமஸ் வேக்லி தொடங்கிய மருத்துவ இதழுக்கு லான்செட் எனப் பெயரிட்டபோது, குருதி நீக்கத்துக்குப் பயன்பட்ட சிறு கத்தியின் பெயரே இதழுக்கு வாய்த்தது. பன்னிரண்டே ஆண்டுகள் கழித்து, 1835இல் பியேர் லூயி என்னும் பிரெஞ்சு மருத்துவர் நுரையீரல் அழற்சி முதலிய நோய்களில் குருதி நீக்கத்தின் பயன் எண்ணியதைவிடக் குறைவே என்பதை நோயாளிகளை எண்ணிக் கணக்கிட்டுக் காட்டினார். சிகிச்சை வழக்கொழிந்தபின்னும் கத்தியின் பெயர் இதழில் நிலைத்தது.

பட்டியலில் உள்ள கொம்பு கட்டல் என்பது வினையின் முதன்மையைக் காட்டத் தக்க எடுத்துக்காட்டு. கொம்பு என்பது மரக்கிளையையும் குறிக்கும், விலங்கின் கொம்பையும் குறிக்கும். விலங்கின் கொம்பைத் தோல்மீது வைத்துக் குருதியை உறிஞ்சும் முறை வடமொழி மருத்துவத்தில் உண்டு. வாதத்தால் கெட்ட குருதிக்குக் கொம்பு, பித்தத்தால் கெட்டதற்கு அட்டை, கபத்தால் கெட்டதற்குச் சுரைக்குடுக்கை எனச் சுசுருதர் வகுத்துள்ளார். அதனை அறிந்தோர் தமிழ்ப் பட்டியலின் கொம்பு கட்டலையும் அதுவெனக் கொள்ள விரைவர். அட்டை விடலுக்கும் உறிஞ்சலுக்கும் அருகில் அது வருவதும் அவ்வாறு எண்ணத் தூண்டும். சித்த மருத்துவப் பாட மரபிலோ, எலும்பு முறிந்த இடத்தில் சிம்பு வைத்துக் கட்டுதல் என்றே அது விளக்கப்படுகிறது.

இம்மயக்கத்தைப் பெயர்ச்சொல்லால் தீர்க்க இயலாது. வினையைப் பார்த்தால் தீர்வு எளிது. உறிஞ்சும் கொம்பு வைக்கப்படும், அதன் வழியே காற்று இழுக்கப்படும், பின் எடுக்கப்படும். அதனைக் கட்ட வேண்டிய தேவை இல்லை. முறிந்த எலும்பை அசையாது நிறுத்த வைக்கும் மரத்துண்டோ கட்டப்பட்டால் மட்டுமே பயன் தரும். கட்டல் என்னும் வினை கொம்பு என்னும் பெயரின் பொருளை வரையறுக்கிறது. பாட மரபின் விளக்கமே பொருந்துவது. கொம்பு கட்டலைக் குருதி நீக்க முறைகளுள் சேர்த்து எழுதுவது ஒப்பீட்டு ஆர்வத்தால் நேரும் பிழை.

6. செய்தவர் யார்

வாங்கல், விடல், கட்டல் ஆகிய தொழிற்பெயர்களில் எழுவாய் இல்லை. வாங்கியவர் யார் என்பதை அவை சொல்வதில்லை. இலக்கணத்தில் இது இயல்பு. சமூக வரலாற்றில் இது ஒரு வெற்றிடம்.

வீரராசேந்திரன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுத் திருமுக்கூடல் கல்வெட்டு இவ்வெற்றிடத்தைச் சிறிது நிரப்புகிறது. கோயிலைச் சார்ந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. அங்குப் பணியாற்றியோருள் மருத்துவர், சல்லியக்கிரியை செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் ஆகியோரோடு நாவிதர் ஒருவரும் தனியே குறிக்கப்பெறுகின்றனர். அறுவைக்கும் நாவிதத் தொழிலுக்கும் தனித்தனி ஆட்கள் இருந்தனர் என்பது இதனால் தெளிவு. குருதி வாங்கும் பணி இவருள் எவருடையது என்பதைக் கல்வெட்டு கூறவில்லை.

பிற்காலத் தமிழகத்தில் நாவிதர் சமூகத்துக்கு மருத்துவர், பண்டிதர் என்னும் பெயர்கள் வழங்கின. அச்சமூகப் பெண்கள் மருத்துவச்சிகளாக மகப்பேறு பார்த்தனர். யாழ்ப்பாண வழக்கில் பரியாரி என்னும் சொல் மருத்துவரையும் நாவிதரையும் குறித்தது. கூர்ங்கருவியைக் கையாளும் திறனும் புண்ணைப் பேணும் பட்டறிவும் ஒரு சமூகத்தின் கையில் இருந்தமைக்கு இப்பெயர்கள் சான்று. ஆயினும் மருத்துவ நூல்கள் சித்தர்களின் பெயரால் வழங்குகின்றன, செய்கையறிவோ பெயரின்றி வழங்குகிறது. கலைச்சொல்லை நூல்வழி மட்டும் ஆராய்ந்தால் இப்பகுதி ஆய்வுக்குள் வராமலே நின்றுவிடும். தொழில்வழிச் சொற்களைக் கள ஆய்வால் திரட்டுதல் உடனடித் தேவை. அச்சொற்களை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர்.

7. எடுத்தலும் அகற்றலும்: நெய்வேலி வழக்கு ஓர் ஒப்புமை

உள்ளிருப்பதை வெளிக்கொணரும் வினைகள் மதிப்பீட்டை உள்ளடக்கியவை என்னும் கருத்தை இன்றைய தமிழிலும் சோதித்துப் பார்க்கலாம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இதற்கு ஏற்ற களம். 1956இல் நிறுவனம் தொடங்கப்பெற்றது. அங்கு மூன்று பொருள்கள் நிலத்திலிருந்து வெளிக்கொணரப்படுகின்றன. மேல்மண் அகற்றப்படுகிறது. நிலக்கரி வெட்டி எடுக்கப்படுகிறது. நிலக்கரிப் படிவத்தின் அடியில் மிகுந்த அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீர் இரவும் பகலும் இறைத்து வெளியேற்றப்படுகிறது. அந்நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்காவிடில் சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் புகும்.

இவ்வினைகளை எவரும் மாற்றி வழங்குவதில்லை. நிலக்கரி அகற்றப்படுகிறது என்பாரும் மேல்மண் எடுக்கப்படுகிறது என்பாரும் அரியர். வேண்டியது எடுக்கப்படும், வேண்டாதது அகற்றப்படும். சுரங்கத்துக்குத் தீங்காகிய அதே நீர், வாலாஜா ஏரியையும் பரவனாற்றையும் அடைந்தபின் உழவருக்குப் பாசன நீராகிறது. சுரங்கத்தார் வெளியேற்றுவதையே உழவர் பாய்ச்சுகின்றனர். பொருள் ஒன்று, வினை இரண்டு. நிற்கும் இடத்தைப் பொறுத்து வினை மாறுகிறது.

மருத்துவமனை வழக்கிலும் இது காணப்படுகிறது. சோதனைக்காக இரத்தம் எடுக்கின்றனர். கொடையாளர் இரத்தம் கொடுக்கிறார். நோயாளிக்கு இரத்தம் ஏற்றுகின்றனர். இம்மூன்றிலும் குருதி வேண்டிய பொருள். வேண்டாத குருதியை நீக்கும் செயலுக்குப் பொதுவழக்கில் தனி வினை இல்லை. அச்செயல் அரிதானதால் வினையும் வழக்கொழிந்தது.

ஆயினும் அச்செயல் முற்றும் மறையவில்லை. உடலில் இரும்புச்சத்து அளவிறந்து சேரும் நோய்க்கும், சிவப்பணுக்கள் மிகையாகப் பெருகும் நோய்க்கும் குறித்த கால இடைவெளியில் அளவாகக் குருதி நீக்குதல் இன்றும் ஏற்கப்பட்ட சிகிச்சை. ஒட்டு அறுவைக்குப்பின் தேங்கும் குருதியை நீக்க அட்டையைப் பயன்படுத்த 2004இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இசைவளித்தது. இச்சிகிச்சையைத் தமிழில் விளக்கும்போது ‘இரத்தம் எடுக்க வேண்டும்’ என்றால் நோயாளி அதனைச் சோதனை எனக் கருதுவார், அல்லது வேறு எவருக்கோ தம் இரத்தம் செல்கிறது என ஐயுறுவார். ‘கெட்ட இரத்தத்தை நீக்க வேண்டும்’ என்றால் பழைய கோட்பாடு ஒன்று இன்றைய அறிவியலின் பெயரால் நுழைந்துவிடும். அந்நோய்களில் குருதி கெட்டதன்று, அதன் கூறு ஒன்று மிகுந்துள்ளது, அவ்வளவே.

தீர்ப்பு இல்லாததும் அளவைக் குறிப்பதுமான வினை இங்குத் தேவைப்படுகிறது. குருதி வாங்கல் அத்தகையது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் புதுச்சொல் புனையுமுன் இதனைக் கருதலாம். பழம்பொருளை ஒரு தொடரில் விளக்கி வழங்கினால் மயக்கமும் நேராது. அதே வேளையில் ஒரு வரையறையும் வேண்டும். சொல்லை மீட்பது சிகிச்சையை மீட்பதாகாது. பழம்பெயரைச் சான்றாகக் காட்டி எல்லா நோய்க்கும் குருதி நீக்கலாம் என விளம்பரம் செய்வோர்க்கு இவ்வாய்வு துணைபோகாது. அளவும் தகுதியும் கூறி எல்லை வகுத்த மருத்துவத்துக்கே அது மாறானது.

முடிவுரை

உதிரம் களைதல், உதிரம் ஊற்றுதல், குருதி வாங்கல், இரத்தமோட்சணம் ஆகியன ஒரே செயலின் மாற்றுப்பெயர்கள் அல்ல. களைதல் கெட்டதைத் தெரிந்து நீக்குகிறது, ஊற்றுதல் தேங்கியதை முற்றும் வெளிப்படுத்துகிறது, வாங்கல் அளந்து இழுக்கிறது, மோட்சணம் அடைபட்டதை விடுவிக்கிறது. பரிமேலழகர் உரையில் தனிச்சிகிச்சையாக நிற்பது கம்பரிடத்தில் அறுவையின் ஒரு படியாக நிற்பதும், கொம்பு கட்டல் குருதி நீக்கத்தைச் சாராததும் வினையை உற்று நோக்கியதால் பெறப்பட்ட முடிவுகள்.

இவற்றிலிருந்து பதிப்பாசிரியர்க்கும் அகராதி தொகுப்போர்க்கும் ஒரு வேண்டுகோள் பிறக்கிறது. மருத்துவத் தொடர்களை அட்டவணைப்படுத்தும்போது பெயரையும் வினையையும் பிரிக்காது முழுத்தொடராகவே பதிவு செய்தல் வேண்டும். விளக்கச்சொல் மூலச்சொல்லின் அருகில் நிற்கலாம், அதன் இடத்தில் நிற்றல் கூடாது. மருத்துவன் தன் முன் உள்ள குருதியை எவ்வாறு மதிப்பிட்டான் என்பதற்கு நம்மிடம் எஞ்சியுள்ள சான்று பல இடங்களில் அந்த ஒரு வினை மட்டுமே.